ஐம்பத்தாறு நிமிடம் நாற்பது விநாடி

ஏப்ரலில் பள்ளி திறந்த மூன்றாம் நாள், நாடக மன்றத்துப் பிள்ளைகள் அந்த வருடம் போடப்போகும் நாடகங்களின் பெயர்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் அது வெகுநாள் வழக்கம். எப்போதும் இரண்டு தாள்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை வரவேற்க மாதக் கடைசியில் இருபது நிமிடத்துக்கு ஒரு சின்ன நாடகம். பிறகு செப்டம்பர் பள்ளி விழாவுக்கு ஒரு மணி நேர நாடகம். விழாவில் போட்டதையே தட்டிச் சீராக்கி அக்டோபரில் வட்டாரப் போட்டிக்கும் எடுத்துப்போவார்கள். அந்த வருடம் சுவரில் மூன்று தாள் இருந்தது.

மன்றத்து அறைக்கு அடுத்த கதவுதான் நான் ரொட்டி விற்கும் இடம். நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. மதிய வியாபாரம் முடிந்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்ப எனக்கு ஐந்து மணி ஆகிவிடும். அதனால் அங்கே பேசுவதெல்லாம் என் காதில் விழும். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காதைக் கழற்றி வைக்கிற வசதி எனக்கு இல்லை.

மூன்றாவது தாளை ஒட்டியவள் தோமோயே. கடைசி வருட மாணவி, மன்றத்துத் தலைவி. 'ஐந்தரைக் கப்பல்' என்று அவளே ஒரு நாடகம் எழுதியிருந்தாள். விழாவுக்கு வேறு ஒரு நாடகம் போதும், இது போட்டிக்கு மட்டும் என்றாள். அப்போது ஒரு மெல்லிய குரல் குறுக்கே வந்தது. அது நாகிசா. அவளும் கடைசி வருடம்தான். தோமோயேவுடன் மழலைப் பள்ளியிலிருந்து ஒன்றாகப் படித்தவள்.

"விழாவுலயும் இதையே போட்டா என்னடி? நாலு பேரு முன்னாடி ஒரு தடவ போட்டாத்தானே எங்க சரி, எங்க சரியில்லன்னு தெரியும்."

"நம்ம ஊர்ல ஒரு தடவ போட்டாப் போதும், மறுநாள் மீன் ஏலத்துல கதையச் சொல்லிட்டிருப்பாங்க. கடைசியில அந்தப் பொண்ணு வந்துடுறாளாம்னு. அப்புறம் போட்டியில யாரு மூச்சப் பிடிச்சிக்கிட்டுப் பாப்பா?"

நாகிசா அதற்குமேல் பேசவில்லை. அவள் சுபாவமே அப்படி. முதல் வருடம் அவளுக்குக் கொடுத்தது திரைக்குப் பின்னால் நின்று கும்பலின் சத்தம் போடுகிற வேலை. இரண்டாம் வருடம் இசைப்பெட்டியின் பொத்தான். அவள் முகத்தை மேடையில் ஒருவரும் பார்த்ததில்லை. குரல் கடைசி வரிசைக்குப் போகாது என்று முன்பிருந்த மாணவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பள்ளி முடிந்ததும் மார்ச்சில் நாகோயாவில் ஒரு கண்ணாடி வில்லை தேய்க்கும் ஆலைக்கு வேலைக்குப் போவதாக முடிவாகியிருந்தது. நாடகம், மேடை எல்லாம் அதோடு சரி.

"இந்த வருஷம் உன்னப் பின்னாடி நிக்க விடமாட்டேன். அந்தக் கடைசிப் பொண்ணு நீதான். உன்ன நெனச்சுத்தான் எழுதினேன்" என்று தோமோயே சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மறுநாள் மதியம் நாகிசா இனிப்புப் பயறு ரொட்டி இரண்டு வாங்கினாள். வழக்கமாக ஒன்றுதான் வாங்குவாள்.

கதை எளிமையானதுதான். கப்பல்துறையில் ஒரு நூடுல்ஸ் கடை. ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போன மகள் ஐந்தரை மணிக் கப்பலில் திரும்பி வருகிறாள். அப்பா, அம்மா, மாமா, தினமும் வந்து உட்காரும் ஒரு வாடிக்கைக்காரர், நான்கு பேரும் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். அவள் வந்ததும் என்ன சொல்வது என்று அப்பா ஒத்திகை பார்த்துக்கொண்டே இருப்பார். ஒன்றும் சரியாக வராது. கடைசியில் கப்பல் ஊதுகிறது. நாலு பேரும் குடையை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடுகிறார்கள். கடை காலி. அப்போது மகள் பின்கதவு வழியாக உள்ளே வருகிறாள். யாரும் இல்லாத கடையில், அப்பாவிடம் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் அடுப்பைப் பார்த்துச் சொல்கிறாள். நான்கு நிமிடம். திரை.

அந்த நான்கு நிமிடத்துக்காக நாகிசா கோடை விடுமுறை முழுக்கப் பள்ளிக்கு வந்தாள். மாமாவாக நடித்த கனாதா அவளைக் கேலி செய்துகொண்டே இருப்பான். இரண்டாம் வருட மாணவன், வாயாடி. "சென்பாய், உங்க வசனம் எனக்கு முழுசா மனப்பாடம் ஆயிடுச்சு. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நான் பாவாடையக் கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்பான். மூத்த மாணவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், சென்பாய் என்று. நாகிசா அதற்குச் சிரிப்பாள். செப்டம்பரில் அவள் குரல் பலகையைத் தாண்டி என்னிடம் வந்தது. சோப்புக் கையோடு நின்று கேட்டிருக்கிறேன்.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. திரை அசையத் தொடங்கிய நொடியிலிருந்து முழுதாக மூடும்வரை அறுபது நிமிடம். ஒரு விநாடி தாண்டினாலும் தேர்வில் சேர்க்க மாட்டார்கள். எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் சரி. தோமோயே கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்தில் ஒத்திகைக்கு மேல் ஒத்திகை நடத்தினாள். ஐம்பத்தொன்பது நிமிடம் இருபது விநாடி. மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் இரண்டு விநாடி குறைவு. மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓகிநோ வாத்தியார் இயற்பியல் பாடம் எடுப்பவர். வேறு ஆள் கிடைக்காததால் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். நாடகம் தெரியாது, ஆனால் கடிகாரம் தெரியும். "அளவு துல்லியமா இருக்கு" என்று அவர் பெருமைப்பட்டார். அந்தக் கூடத்தில் பார்க்கிறவர் என்று அவர் ஒருவர்தான். அவரும் சிரிக்கிற ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் என் பங்கும் வருகிறது. அந்த வருடம் வட்டாரப் போட்டி எங்கள் ஊர் மக்கள் மன்றத்திலேயே நடந்தது. பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன், எல்லாரும் வர வேண்டும் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாலு மாசமா காலிக் கூடத்துல சுவரப் பாத்து நடிச்ச பிள்ளைங்க. சிரிக்கிற எடத்துல வாயப் பொத்திக்கிட்டு உக்காராதீங்க. வாய்விட்டுச் சிரிங்க. அதுங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்றும் சொன்னேன். நாற்பது பேர் வந்தார்கள். என் பக்கத்தில் நாகிசாவின் அம்மா மிட்சுயோ; மரியாதைக்கு ஸான் சேர்த்து மிட்சுயோ ஸான் என்போம். மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை. அன்றைக்கு விடுப்பு எடுத்து, நல்ல கம்பளி அங்கியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நிகழ்ச்சித் தாளில் 'மகள்: குஸுமி நாகிசா' என்று இருந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "அவ நடுவுல வரமாட்டாளாம், கடைசியிலதானாம். தூங்கிடாதம்மான்னு சொல்லிட்டுப் போனா" என்றாள்.

திரை திறந்தது. எங்கள் ஊரில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஊராட்சி அலுவலகத்து அம்மா ஒருத்தி மூக்கால் பேசுவாள்: பிள்ளைகளே, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போங்கள் என்று. நடுவில் ஓர் இடத்தில் மூச்சு வாங்குவாள். அதை அப்படியே கனாதா செய்து காட்டினான். அப்பா 'மகளே' என்று தொடங்கும்போதெல்லாம் மாமா அந்தக் குரலில் குறுக்கே புகுந்தார். மன்றமே குலுங்கியது. அந்த ஒலிபெருக்கி அம்மாவே நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். பிள்ளைகள் நல்ல நடிகர்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொன்னார்கள். ஐந்து விநாடி, எட்டு விநாடி, பத்து விநாடி. காலிக் கூடத்தில் யார் சிரித்தார்கள், எண்ணிப் பார்க்க? மற்ற பள்ளிகள் சிரிப்புக்கென்று மூன்று நான்கு நிமிடம் ஒதுக்கி வைப்பார்களாம். செப்டம்பரில் ஒரு முறை ஊர்முன் போட்டிருந்தால் இவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

கப்பல் ஊதியது. நாலு பேரும் குடையோடு ஓடினார்கள். மேடை காலியானது. பின்கதவு திறந்தே இருந்தது. அதற்கு அப்பால் நீல வெளிச்சம். மிட்சுயோ ஸான் முன்னால் சாய்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணியிருப்பேன். திரை மூடிவிட்டது.

கைதட்டல் எழுந்தது. மிட்சுயோ ஸான் தட்டவில்லை.

"முடிஞ்சிடுச்சா?" என்று என்னைக் கேட்டாள். "புள்ளைக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

நான் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

மேடையின் ஓரத்தில் நடந்ததைக் கனாதா பிறகு என்னிடம் சொன்னான். குடையோடு ஓடிவந்து அவன் நின்ற இடம் நாகிசாவுக்கும் தோமோயேவுக்கும் பக்கத்தில். நாகிசா மகளின் பயணப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி ஓரடி வைத்துவிட்டாள். தோமோயே அவள் முன்னால் கையை நீட்டினாள். கடிகாரத்தில் ஐம்பத்தாறு நிமிடம் நாற்பது விநாடி. நாகிசாவின் காட்சியும் திரை மூடுவதும் சேர்ந்து நாலு நிமிடம் பத்து விநாடி. கூட்டிப் பார்க்க இயற்பியல் வாத்தியார் தேவையில்லை.

"சீக்கிரமாச் சொல்லிடறேன்" என்று நாகிசா கிசுகிசுத்தாளாம்.

"எவ்ளோ சீக்கிரம்?"

"மூணு நிமிஷம்."

தோமோயே அவளைப் பார்த்தாள். அவசரப்பட்டால் நாகிசாவின் குரல் உள்ளே போய்விடும் என்பது அவளைவிடத் தெரிந்தவர் யார்? சொல்லி முடிப்பாள் என்று நம்பினால் அறுபதுக்குள் மூடலாம். ஒரு வரி இழுத்தால் எட்டுப் பேரின் உழைப்பும் போச்சு. யோசிக்கக்கூட நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "வேணாம்" என்றாள் தோமோயே. பிறகு காதில் மாட்டியிருந்த கருவியில், "திரை."

கனாதா சொன்னான், "அவங்க அழல, அத்தை. பெட்டியக் கீழ வச்சாங்க. சத்தம் வராம வச்சாங்க. மேடைப் பக்கத்துல சத்தம் வரக்கூடாதுல்ல, அந்தப் பழக்கம்."

இதோடு போயிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். சாயங்காலம் நடுவர்கள் ஒவ்வொரு பள்ளியையும் பற்றிப் பேசினார்கள். தலைநகரிலிருந்து வந்திருந்த ஒரு முதிய நாடகக்காரர் ஒலிவாங்கியை வாங்கினார். நாடகப் பிரதியை நான் முன்கூட்டிப் படிப்பதில்லை, நிகழ்ச்சித் தாளை மட்டும்தான் பார்ப்பேன் என்று தொடங்கினார். "மகள் என்று ஒரு பாத்திரமும் அதற்கு நேராக ஒரு பிள்ளையின் பெயரும் இருந்தது. ஒரு மணி நேரமும் அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வரவே இல்லை. அந்த அப்பாவுக்கு என்ன வலித்திருக்குமோ அது எனக்கு வலித்தது. பெயரை அச்சடித்துவிட்டு ஆளைக் காட்டாமல் விட்ட துணிச்சலை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை" என்றார். பிறகு சும்மா இருக்காமல் கேட்டார்: பிரதியில் கடைசியில் ஒரு காட்சி இருக்கிறதென்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார், அதை எப்போது எடுத்தீர்கள்?

தோமோயே எழுந்து நின்றாள். மன்றம் முழுக்க அவளைப் பார்த்தது. இரண்டு நாற்காலி தள்ளி நாகிசா, இன்னும் அந்த நாடக உடையிலேயே.

"போன வாரம். நாங்க எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு பண்ணோம்" என்றாள் தோமோயே.

ஆறு பள்ளிகளில் இரண்டுதான் மாவட்டப் போட்டிக்குப் போகும். எங்கள் பள்ளியின் பெயரை முதலில் படித்தார்கள். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாகிசாவையும் யாரோ கட்டிப்பிடித்தார்கள். அவள் கை இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்ததை ஏழாவது வரிசையிலிருந்து நான் பார்த்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து நாகிசா மன்றத்துக்கு வரவில்லை. மதியத்தில் ரொட்டிக்கு மட்டும் வந்தாள். ஒரு நாள் கூட்டம் குறைந்தபோது நானே சொல்லிவிட்டேன், ஊரைக் கூட்டிவந்து சிரிக்கச் சொன்னது நான்தான் என்று. அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "சிரிப்பு வந்தாச் சிரிக்கத்தான் செய்வாங்க, அத்தை. அது நல்லா எழுதியிருந்துச்சு" என்றாள். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் தங்கிவிட்டது.

பலகைக்கு அந்தப் பக்கம் ஒரே சத்தம். மாவட்டப் போட்டி நவம்பர் மூன்றாம் வாரம், மாவட்டத் தலைநகரத்துப் பெரிய அரங்கில். முடிவை இப்போதிருப்பதுபோலவே விட வேண்டும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். தோமோயே தூக்கினாளா என்று பலகை வழியாக எனக்குத் தெரியாது. அடுத்ததாக நிகழ்ச்சித் தாள். நடிகர் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். நாகிசாவின் பெயர் அதில் இருந்தே ஆக வேண்டும் என்றான் கனாதா. நடுவர் சொன்னாரே, அந்தப் பெயர்தானே நாடகம். பெயர் இல்லாவிட்டால் கதவு வெறும் கதவு, யாருக்காகக் காத்திருப்பார்கள் என்று கேட்டான். தப்பாகச் சொல்லவில்லை. ஓகிநோ வாத்தியார் மட்டும், மேடைக்கு வராத ஒரு பிள்ளையின் பெயரைப் போட வேண்டுமானால் அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்றார். அவர் பேசி நான் கேட்டதில் உருப்படியான பேச்சு அது.

புதன்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நாகிசா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தோமோயே அறையிலிருந்து வெளியே வந்தாள். என் கடைமுன்னாலேயே சந்தித்துக்கொண்டார்கள். நான் குழாயை மூடினேன். மூடியிருக்கக் கூடாதோ என்னவோ.

தோமோயே முதலில் மன்னிப்புக் கேட்டாள். தலை இடுப்புவரை குனிந்தது. நாகிசா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் சேர்ந்து பேசினோம்னு சொன்னியே. என்னிக்குப் பேசினோம்? நான் அன்னிக்கு லீவா?"

"அத்தனை பேரு முன்னாடி… வாய்ல அதுதான் வந்துச்சு."

"எனக்கும் வாய்ல ஒண்ணு வந்துச்சு. நான் முழுங்கிட்டேன்."

தோமோயே நிமிர்ந்தாள். "உன் காட்சியத் திரும்ப வச்சிடறேன்டி. மாமா சீன்ல ரெண்டு நிமிஷத்த வெட்டிடறேன். கனாதா குதிப்பான், குதிக்கட்டும். கை தூக்கினவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

"வேணாம்."

"ஏன்?"

நாகிசா தரையைப் பார்த்து, பிறகு என் கண்ணாடிப் பெட்டியில் மிச்சமிருந்த ரொட்டியைப் பார்த்துப் பேசினாள். "நான் ஓரத்துல நின்னு பாத்தேன். கதவு தொறந்திருந்துச்சு, யாரும் வரல. நல்லாத்தான் இருந்துச்சு. நான் வந்திருந்தா அவ்ளோ நல்லா இருந்திருக்காது. அதான் தாங்க முடியல. இப்ப நான் போய் நின்னா, அடடா இவ வந்து கெடுத்துட்டாளேன்னுதான் பாப்பாங்க. நீயும் அப்படித்தான் பாப்ப."

தோமோயே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அவள் வாயைத் திறந்தாள், சொல்லவில்லை. அந்தப் பெண் பொய் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னொன்று வரவில்லை போலும்.

"அப்ப உன் பேரு…" என்று அவள் தொடங்கினாள். கேட்க வந்தது அதுதானே. தாளில் பெயர் மட்டும் இருக்கட்டுமா என்று எப்படியோ கேட்டு முடித்தாள்.

"என் பேரு வேணும், நான் வேணாம்" என்றாள் நாகிசா. கோபமாகச் சொல்லவில்லை, ஒரு பொருளின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். "போன தடவ அந்தப் பேரப் பாத்துக்கிட்டு எங்கம்மா உக்காந்திருந்தாங்க. எடுத்துடு."

வெள்ளிக்கிழமை பட்டியல் போனது. மகள் என்ற வரியே அதில் இல்லை. கனாதா அன்று அறைக்கதவை இழுத்து மூடிய வேகத்தில் என் தட்டு ஒன்று கீழே விழுந்தது. "நாலு மாசம் உழைச்சது சென்பாய் ஒருத்தங்க மட்டும் இல்ல" என்று அவன் கத்தினான். எந்த சென்பாயைச் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. தோமோயே அவனோடு வாதாடவில்லை. நான்தானே எடுத்தேன், என்னைத் திட்டு என்று மட்டும் சொன்னாள். வாத்தியார் பட்டியலில் முத்திரை குத்தினார். ஒன்றும் கேட்கவில்லை.

மாவட்டப் போட்டிக்கும் நான் போனேன். பேருந்தில் இரண்டு மணி நேரம். ஊரிலிருந்து ஏழு பேர்தான். மிட்சுயோ ஸான் வரவில்லை. ஆயிரம் இருக்கை உள்ள அரங்கு, நாங்கள் ஏழு பேரும் அதில் எங்கேயோ. திரை திறந்தது. கனாதா ஒலிபெருக்கி அம்மாவின் குரலில் பேசினான். மூச்சு வாங்குகிற இடத்தில் சரியாக மூச்சு வாங்கினான். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. அந்த அம்மா யாரென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் ஏழு பேரும் சிரித்துப் பார்த்தோம். ஏழு பேர் சிரிப்பு அந்தக் கூரையில் மோதிக் கேலிபோலத் திரும்பி வந்தது, நிறுத்திக்கொண்டோம். பிள்ளைகள் சிரிப்புக்காக விட்டு வைத்திருந்த இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. பயத்தில் அவர்கள் வேகமாகப் பேசத் தொடங்கினார்கள்.

கப்பல் ஊதியது, ஓடினார்கள். கதவு திறந்திருந்தது. நீல வெளிச்சம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிகழ்ச்சித் தாளைப் புரட்டினாள். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்டாள். திரை மூடியது.

நடுவர்கள் கனிவாகத்தான் பேசினார்கள். கடையின் அமைப்பு நன்றாக இருந்தது, அப்பாவாக நடித்தவர் இயல்பாக இருந்தார். முடிவுதான் விளங்கவில்லை, யாரையோ எதிர்பார்க்க வைத்துவிட்டு எழுத்தாளர் மறந்துவிட்டாற்போல் இருந்தது என்றார் ஒருவர். தோமோயே எழுந்து நின்று நன்றி சொன்னாள். விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. பரிசு எதுவும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் பிள்ளைகள் வெளிச்செருப்பைக் கழற்றி உள்செருப்பு மாட்டும் அலமாரிகள் என் கடைக்கு எதிரில்தான். ரொட்டித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். நாகிசா வந்து குனிந்து செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். தோமோயே பின்னால் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அது.

"கெடைக்கலயாமே" என்றாள் நாகிசா.

"ம்."

"எத்தன நிமிஷம் வந்துச்சு?"

தோமோயே கண்ணை எங்கெங்கோ ஓட்டினாள். கடைசியில் சொல்லிவிட்டாள்.

"அம்பத்தஞ்சு."

நாகிசாவின் ஒரு காலில் உள்செருப்பு, மறு கால் வெறும் காலுறையோடு தரையில். அப்படியே நின்றாள். உதடு அசைந்தது, அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. நானும் போட்டுவிட்டேன்.

"அப்ப நான் நிதானமாவே பேசியிருக்கலாம்" என்றாள்.

மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள். தோமோயே கூப்பிடவில்லை. மணி அடித்த பிறகும் அவள் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரமாகுதும்மா, வகுப்புக்குப் போ என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.